முந்திரிகையின் காப்புப் பொருளைப் புகையிலையில் உருவாக்குதல்: ஆய்வுகூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தின் கோப்பாய், நீர்வேலிப் பக்கத்து முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல்களில் மாரி ஈரத்தோடு கீழ்ப்பூஞ்சணம் பிடிக்கும்போது கொடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. தொற்றுப் பட்ட இடத்தைச் சுற்றியுள்ள இலைக் கலங்கள் ரெஸ்வெரற்றோல் என்ற பொருளை ஆக்கத் தொடங்கும். பங்கசின் வித்திகள் முளைப்பதையும் இழைகள் பரவுவதையும் அது மட்டுப்படுத்தும். புகையிலைக்கு இந்தப் பொருளை ஆக்கத் தெரியாது. ஆனால் அதற்கு வேண்டிய மூலப்பொருள் இரண்டும் புகையிலைக் கலத்துக்குள் எப்போதும் இருக்கின்றன. ஒரே ஒரு நொதியத்தைக் கொடுத்தால் போதும்.

தாவர மரபணுப் பொறியியலைப் படிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பதற்குக் காரணமும் அதுதான். வேம்பின் அசாடிரக்டின் போன்ற பொருளுக்கு நீளமான நொதியச் சங்கிலி வேண்டும். ரெஸ்வெரற்றோலுக்கு ஸ்ரில்பீன் சிந்தேஸ் என்ற ஒரு நொதியமே போதும். அது மேலே சொன்ன இரு மூலப்பொருள்களை, அதாவது ஒரு குமாரோயில்-கோஏ மூலக்கூறையும் மூன்று மலோனைல்-கோஏ மூலக்கூறுகளையும் இணைத்து ஒரு ரெஸ்வெரற்றோலைத் தரும். 1990 இல் நிலக்கடலையின் ஸ்ரில்பீன் சிந்தேஸ் மரபணு புகையிலைக்குள் வைக்கப்பட்டது. 1993 இல் முந்திரிகையின் மரபணுவைப் பெற்ற புகையிலை, சாம்பல் பூஞ்சணத்தை உண்டாக்கும் பொற்றைற்றிஸ் பங்கசை முன்னைவிட நன்றாகத் தாங்கியது. முறை பழையது, பலமுறை மெய்ப்பிக்கப்பட்டது. இந்த வழிகாட்டி இழையவளர்ப்பு அறையும் டி.என்.ஏ துண்டைப் பெருக்கும் பீ.சி.ஆர் இயந்திரமும் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கானது. வீட்டிலோ தோட்டத்திலோ செய்யும் வேலை அல்ல.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: மரபணு எப்போது விழிக்க வேண்டும்

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் பூக்கோவா மொசைக் வைரசின் 35எஸ் புரொமோட்டரை (மரபணுவை இயக்கும் ஆளிப் பகுதியை) எடுத்து மரபணுவின் முன் ஒட்டிவிடுவார்கள். அது எல்லா இழையங்களிலும் எந்நேரமும் மரபணுவை இயக்கும். இந்த வேலைக்கு அது பொருந்தாது. ஸ்ரில்பீன் சிந்தேஸ் பயன்படுத்தும் அதே மூலப்பொருள்களைத்தான் சால்கோன் சிந்தேஸ் என்ற நொதியமும் பயன்படுத்துகிறது. பூவின் நிறமும் மகரந்தத்தின் வளமும் சால்கோன் வழியில் தங்கியுள்ளன. புதிய நொதியம் எந்நேரமும் மூலப்பொருளை இழுத்துக்கொண்டால் பூ வெளிறும், மகரந்தம் மலடாகும். 35எஸ் கொண்டு இயக்கிய புகையிலையில் இந்த இரண்டும் நடந்ததாக 1997 இல் வெளியான ஆய்வு காட்டியது. விதை கிடைக்காத செடியில் அடுத்த தலைமுறையைப் பற்றிப் பேச முடியாது.

ஆகவே முந்திரிகை மரபணுவை அதன் சொந்தப் புரொமோட்டரோடு எடுங்கள். காயம், பங்கசுத் தொற்று, யூவி ஒளி ஆகியவை பட்டால்தான் அது இயங்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆர்.என்.ஏ பிரிக்க வேண்டியதில்லை. இளம் இலையின் டி.என்.ஏ யிலிருந்தே புரொமோட்டரையும் மரபணுவையும் ஒரே துண்டாகப் பெருக்கலாம். மரபணுவின் இடையிலுள்ள, புரதத்துக்குக் குறியீடு தராத இன்ரோன் பகுதியைப் புகையிலை தானே வெட்டி நீக்கிவிடும்.

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் கவனிக்க வேண்டிய மூன்று

தண்ணீர்: குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவது. கல்சியம் மிகுதி, பல இடங்களில் நைத்திரேற்றும் மிகுதி. வடிகட்டிய குழாய் நீரில் ஊடகம் செய்தால் கல்சியம் பொசுபேற்று வெண்படிவாக இறங்கும், செடிக்குப் பொசுபரசு கிடைக்காது. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. காய்ச்சி வடிக்கும் கருவியின் சூடாக்கியில் சுண்ணாம்பு படிவதால் அதை ஒழுங்காக மென்னமிலத்தால் கழுவ வேண்டும்.

வெப்பம்: மரபணுவைச் சுமந்து செல்லும் மண் பற்றீரியாவான அக்ரோபற்றீரியம் செடிக்குள் டி.என்.ஏ யைச் செலுத்துவதற்கு 22 பாகை செல்சியஸ் அளவே நல்லது. 28 ஐத் தாண்டினால் இடமாற்றம் வெகுவாகக் குறைந்துவிடும். பற்றீரியா வளரும், இலைத் துண்டும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு குருத்தும் வராது. சித்திரை, வைகாசியில் மின் நின்று அறை 33 பாகைக்கு ஏறினால் அந்தத் தொகுதியை அப்படியே கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மின்சாரம்: உடன்வளர்ப்பு (இலைத் துண்டும் பற்றீரியாவும் சேர்ந்து வளர்தல்) நடக்கும் இரண்டு நாட்களுக்கேனும் குளிர் அடைகாப்பியை மின்பிறப்பாக்கியோடு இணையுங்கள். வளர்ப்பறை முழுவதையும் தாங்க முடியாவிட்டாலும் இந்த ஒரு கருவியைத் தாங்கினால் போதும். அடைகாப்பிக்குள் கூடிய, குறைந்த வெப்பநிலையைப் பதியும் வெப்பமானி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 1: மரபணுவை எடுத்தல்

அப்போதுதான் விரிந்த, கையளவுக்கும் சிறிய இலையை எடுங்கள். முற்றிய இலையில் பொலிபீனோலும் பல்சக்கரைட்டும் அதிகம். டி.என்.ஏ கபில நிறத்தில் பிசுபிசுவென்று வந்தால் பீ.சி.ஆர் வேலை செய்யாது. 100 மில்லிகிராம் இலையைத் திரவ நைதரசனில் அரைத்து, 2 சதவீத சீ.ரி.ஏ.பி (கலத்தை உடைக்கும் சவர்க்காரப் பொருள்), 1.4 மோலர் உப்பு, 2 சதவீத பீ.வி.பி (பொலிபீனோலைப் பிடிக்கும் பொருள்) கொண்ட தாங்கற் கரைசலில், பயன்படுத்தும் வேளையில் 1 சதவீதம் மேர்கப்ரோஎதனோல் சேர்த்து, 65 பாகையில் 45 நிமிடம் வையுங்கள். குளோரோபோம் கழுவலை இரண்டு தடவை செய்யுங்கள்.

முந்திரிகையில் ஸ்ரில்பீன் சிந்தேஸ் ஒரு பெருங்குடும்பம். ஒன்றையொன்று மிகவும் ஒத்த பிரதிகள் பத்துக் கணக்கில் உள்ளன. குறியீட்டுப் பகுதியில் மட்டும் பிரைமர் (பீ.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) அமைத்தால் எந்தப் பிரதி வந்தது என்றே தெரியாது. முன்பிரைமரைப் புரொமோட்டரில், குறியீடு தொடங்கும் இடமான தொடக்கக் கோடனுக்கு ஏறத்தாழ 1,500 மூலச் சோடிகள் முன்னால் வையுங்கள். பின்பிரைமர் நிறுத்தக் கோடனில் முடியட்டும். தரவுத்தளத்திலுள்ள முந்திரிகை மரபணுத்தொகுதி 2007 இல் வெளியானது, பினோ நுவார் வழிவந்த கொடியினுடையது. இங்கே பயிராகும் இஸ்ரேல் புளூ வகையில் பிரைமர் ஒட்டும் இடம் சிறிது மாறியிருக்கலாம். எனவே இரண்டு மாற்றுப் பிரைமர்களையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

முன்பிரைமரின் நுனியில் ஹிண்ட்-3 வெட்டிடத்தையும் பின்பிரைமரின் நுனியில் சாக்-1 வெட்டிடத்தையும் சேர்த்து, அவற்றுக்கும் வெளியே ஆறு மூலங்கள் விடுங்கள். அந்த ஓரம் இல்லாவிட்டால் வெட்டு நொதியத்துக்குப் பிடிமானம் கிடையாது. துண்டின் உள்ளேயே அதே வெட்டிடங்கள் இல்லை என்பதை முன்கூட்டியே கணினியில் பாருங்கள். பிழைதிருத்தும் ஆற்றலுள்ள பொலிமரேசு மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 2: காவியில் ஏற்றுதல்

மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ வளையமே காவி. பீ.பீ.ஐ. 121 என்ற காவி இதற்கு வாகானது. அதில் ஹிண்ட்-3 க்கும் சாக்-1 க்கும் இடையே 35எஸ் புரொமோட்டரும் கஸ் என்ற அடையாள மரபணுவும் உள்ளன. இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் துண்டை வைத்தால், பின்னாலுள்ள நொஸ் முடிவுப் பகுதி அப்படியே பயன்படும். செடியைத் தெரிவு செய்ய உதவும் கனாமைசின் எதிர்ப்பு மரபணுவும் அதிலேயே உண்டு. வெட்டாத மூலக் காவியை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காவி ஏறத்தாழ 14,700 மூலச் சோடி நீளம், ஈ. கோலையில் குறைந்த பிரதிகளாகவே இருக்கும். பீ.சி.ஆர் துண்டை நேரே இதில் ஒட்ட முயன்றால் பெரும்பாலும் வெறுங் காவியே மூடிக்கொண்டு வரும். முதலில் சிறிய காவியொன்றில் ஏற்றி, நான்கைந்து பற்றீரியாக் கொலனிகளை முழு நீளத்துக்கும் வரிசைப்படுத்திப் பார்த்து, பிழையற்ற ஒன்றை மட்டும் பெரிய காவிக்கு மாற்றுங்கள். வரிசைப்படுத்தலில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிறுத்தக் கோடன் வந்திருந்தால் அது ஆறு மாதம் கழித்து, ரெஸ்வெரற்றோலே இல்லாத செடிகளாகத்தான் தெரியவரும்.

பின்னர் அக்ரோபற்றீரியம் எல்.பீ.ஏ. 4404 இனத்துக்குள் உறைய வைத்து உருக்கும் முறையால் ஏற்றுங்கள். டி.என்.ஏ யை ஏற்கும்படி தயாரித்த 100 மைக்குரோலீற்றர் அக்ரோபற்றீரியக் கலங்களுக்கு 1 மைக்குரோகிராம் டி.என்.ஏ, திரவ நைதரசனில் 5 நிமிடம், 37 பாகையில் 5 நிமிடம், பின் 1 மில்லிலீற்றர் ஊடகத்தில் 28 பாகையில் 3 மணித்தியாலம். றிபாம்பிசின் 50, கனாமைசின் 50 மில்லிகிராம் (ஒரு லீற்றருக்கு) உள்ள அகாரில் பரப்பினால் இரண்டு, மூன்று நாட்களில் கொலனிகள் தெரியும்.

படி 3: கிருமியற்ற செடிகள்

முதல் முயற்சிக்கு உள்ளூர்ச் சுருட்டுப் புகையிலையை எடுக்க வேண்டாம். சம்சுன், சாந்தி போன்ற ஆய்வுகூட வகைகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது நன்கு தெரிந்தது. விதையை வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்னனுமதி வேண்டும்.

விதைகளை 70 சதவீத எதனோலில் 1 நிமிடம், பின் 1 சதவீதச் செறிவுள்ள சோடியம் ஐப்போகுளோரைற்றில் ஒரு துளி ருவீன்-20 சேர்த்து 10 நிமிடம் வைத்து, கிருமியற்ற நீரில் ஐந்து தடவை கழுவுங்கள். கடையில் வாங்கும் வெளிற்றும் திரவம் நம் வெயிலில் சில மாதங்களிலேயே வலுவிழந்துவிடும். போத்தலின் திகதியைப் பாருங்கள். எம்.எஸ் என்ற தாவர இழையவளர்ப்பு ஊடகத்தின் அரைச் செறிவில், 25 பாகையில், 16 மணித்தியால ஒளியில் ஐந்து, ஆறு கிழமை வளர்ந்த செடியின் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகளே சிறந்தவை.

படி 4: ஊடகம்

1 லீற்றருக்கு: உயிர்ச்சத்துகள் சேர்ந்த எம்.எஸ் தூள் 4.4 கிராம், சுக்குரோசு 30 கிராம், அகார் 8 கிராம், பீ.எச் 5.8. 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்யுங்கள். குருத்தைத் தூண்டும் ஹோமோன்களான பீ.ஏ.பீ 1 மில்லிகிராமும் என்.ஏ.ஏ 0.1 மில்லிகிராமும் முன்னரே சேர்க்கலாம். இரண்டையும் நீரில் நேரே போட்டால் கரையாது. சில துளி சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்து, பிறகு நீர் விடுங்கள்.

நுண்ணுயிரெதிரிகளை ஊடகம் 50 பாகைக்கு ஆறிய பிறகே விட வேண்டும். கனாமைசின் 100 மில்லிகிராம், பற்றீரியாவைக் கொல்லச் செபோட்டக்சிம் 400 மில்லிகிராம். பிந்தியதை மருந்தகத்தில் கிடைக்கும் 1 கிராம் ஊசிக் குப்பியிலிருந்தே எடுக்கலாம். கிருமியற்ற நீரைச் சேர்த்து மொத்தம் 4 மில்லிலீற்றருக்குக் கொண்டுவந்தால் மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம். அதில் 1.6 மில்லிலீற்றர் ஒரு லீற்றருக்குப் போதும். ஊடகத்தில் இரண்டு கிழமைக்கு மேல் இதன் வலு நிற்காது. அதற்கு முன் இலைத் துண்டுகளைப் புது ஊடகத்துக்கு மாற்றாவிட்டால் துண்டைச் சுற்றிப் பால்போன்ற வளையமாகப் பற்றீரியா திரும்பவும் கிளம்பும்.

படி 5: தொற்றவைத்தல்

இரவு முழுதும் 28 பாகையில் குலுக்கி வளர்த்த பற்றீரியாவை 4,000 ஜீ வேகத்தில் 10 நிமிடம் சுழற்றிப் படியவைத்து, மேலேயுள்ள பழைய ஊடகத்தை முற்றாக ஊற்றிவிடுங்கள். அதிலுள்ள நுண்ணுயிரெதிரி இலையைத் தாக்கும். திரவ எம்.எஸ் ஊடகத்தில் மீண்டும் கரைத்து, 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி 0.4 ஆகக் கொண்டுவாருங்கள். அசிற்றோசிரிங்கோன் 100 மைக்குரோமோலர் சேர்க்கலாம். புகையிலைக்கு அது கட்டாயமில்லை, கெடுதலுமில்லை.

பெருநரம்பைத் தவிர்த்து 1 சென்ரிமீற்றர் வட்டத் துண்டுகளாக வெட்டுங்கள். கூரான துளைப்பி வேண்டும். மழுங்கியது ஓரத்தை நசுக்கிக் கறுக்க வைக்கும், குருத்து வருவதோ அந்த ஓரத்திலிருந்துதான். 60 துண்டுகளை 10 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, கிருமியற்ற வடிதாளில் இரு பக்கமும் ஒற்றுங்கள். ஈரம் மின்னாத அளவுக்கு ஒற்ற வேண்டும். நுண்ணுயிரெதிரி இல்லாத ஊடகத்தில், இருட்டில், 22 பாகையில் இரண்டு நாள். மூன்றாம் நாளுக்கு விட்டால் பற்றீரியா இலையை மூடிவிடும். இரண்டு நாள் முடிந்ததும் துண்டுகளைப் படி 4 இன் நுண்ணுயிரெதிரி ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

கூடவே தொற்றவைக்காத துண்டுகள் இரண்டு தொகுதி வேண்டும். கனாமைசின் இல்லாத ஊடகத்தில் 10, கனாமைசின் உள்ளதில் 10. முதல் தொகுதியில் குருத்து வராவிட்டால் ஊடகத்தில் பிழை. இரண்டாவதில் பச்சைக் குருத்து வந்தால் கனாமைசின் செத்துவிட்டது. மூலக் காவி ஏற்றிய பற்றீரியாவால் தொற்றவைத்த இன்னொரு 20 துண்டுகளும் தேவை. இந்த ஒப்பீடுகள் இல்லாமல் பின்னால் வரும் எந்த அளவீட்டுக்கும் பொருள் இல்லை.

படி 6: தெரிவும் வேரும்

பத்தாம் நாளளவில் துண்டின் ஓரம் தடித்து முண்டு முண்டாக வரும். மூன்று, நான்கு கிழமையில் அதில் பச்சைக் குருத்துகள். ஒரு துண்டின் ஒரே முண்டிலிருந்து மூன்று குருத்து எடுத்தால் அவை மூன்றும் ஒரே மரபணு நுழைவின் பிரதிகளாக இருக்கலாம். ஒரு முண்டுக்கு ஒரு குருத்து.

இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, நீர் கோத்து வந்தால் பாத்திரத்துக்குள் சூடும் ஈரமும் மிகுதி என்று அர்த்தம். அகாரை 9 கிராமாக்கி, காற்றுப் போகும் மூடிக்கு மாற்றி, பீ.ஏ.பீயைப் பாதியாக்குங்கள்.

1 சென்ரிமீற்றர் உயர்ந்த குருத்தைத் தடித்த அடி ஒட்டாமல் வெட்டி, ஹோமோன் இல்லாத அரை எம்.எஸ் ஊடகத்தில் அதே கனாமைசினோடு ஊன்றுங்கள். உண்மையான தெரிவு இங்கேதான். துண்டின் மேல் பச்சையாக நின்ற குருத்துகளில் ஒரு பகுதி, பக்கத்துக் கலங்களின் நிழலில் தப்பிப் பிழைத்தவை. அவை கனாமைசினில் வேர் விடாது.

வேர் பிடித்த செடியின் அகாரைக் கழுவி, கிருமி நீக்கிய தும்புத்தூளும் மணலும் சம பங்காகக் கலந்த சாடியில் நட்டு, பொலித்தீனால் மூடுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு நாளுக்கு நாள் ஓட்டையைப் பெரிதாக்கலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தத் திறப்பை இரண்டு கிழமைக்கு இழுத்துச் செல்லுங்கள். வறண்ட காற்றில் இழையவளர்ப்பு இலை ஒரு மத்தியானத்தில் சுருண்டுவிடும்.

படி 7: மரபணு உள்ளே இருக்கிறதா

பீ.சி.ஆரில் பட்டை தெரிந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். இலைக்குள் எஞ்சிய பற்றீரியாவும் அதே பட்டையைத் தரும். பற்றீரியாவிடம் மட்டும் உள்ள வைர்-ஜீ மரபணுவுக்கு இன்னொரு பீ.சி.ஆர் வையுங்கள். அதில் பட்டை வராத செடியே கணக்கு.

விதை கிடைத்ததும் கனாமைசின் 100 மில்லிகிராம் ஊடகத்தில் விதையுங்கள். 120 நாற்றில் 96 பச்சை, 24 வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் மரபணு இருந்தால் எதிர்பார்ப்பு 90:30. எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் கைவர்க்கப் பெறுமானம் 36/90 + 36/30 = 1.6. எல்லை 3.84. ஆகவே ஓரிட நுழைவு என்று கொள்ளலாம். 15:1 ஐ ஒட்டி வந்தால் ஈரிட நுழைவு. அப்படிப்பட்ட செடிவழிகளை ஒதுக்குவது நல்லது, பிரதிகள் கூடினால் மரபணு மௌனமாகும் வாய்ப்பும் கூடும்.

படி 8: பொருளை அளத்தல்

கனாமைசினில் பச்சையாக நிற்பது ஒரு செய்தி, ரெஸ்வெரற்றோல் இருப்பது வேறு செய்தி. சொந்தப் புரொமோட்டர் உறக்கத்தில் இருக்கும் இலையை அளந்தால் எதுவும் கிடைக்காது. இலைத் துண்டுகளை 254 நானோமீற்றர் யூவி விளக்கின் கீழ் 10 நிமிடம் வைத்து, பிறகு ஈரமான வடிதாளில் இருட்டில் வைத்து 0, 6, 12, 24, 48 மணித்தியாலங்களில் எடுங்கள். விளக்கு எரியும்போது கண்ணும் தோலும் மறைந்திருக்க வேண்டும்.

1 கிராம் இலையைத் திரவ நைதரசனில் அரைத்து, 80 சதவீத மெதனோலில் 10 மில்லிலீற்றருக்குக் கொண்டுவந்து, இருட்டில் ஓரிரவு வைத்து வடியுங்கள். வெளிச்சம் பட்டால் ட்ரான்ஸ் வடிவம் சிஸ் வடிவமாக மாறும், அளவீட்டு வரைபில் அதன் உச்சி சிறுக்கும். எனவே குப்பிகளுக்கு அலுமினியத் தாள். பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பீ.எல்.சீ கருவியில் சீ-18 நிரல், ட்ரான்ஸ் வடிவத்துக்கு 306 நானோமீற்றர், சிஸ் வடிவத்துக்கு 285.

உச்சியே இல்லையென்றால் உடனே தோல்வி என்று எழுத வேண்டாம். பல செடிகள் ரெஸ்வெரற்றோலில் ஒரு குளுக்கோசை ஒட்டிப் பைசீட் ஆக்கிவிடும். பிழிவின் ஒரு பங்கை ஆவியாக்கி, பீ.எச் 5 தாங்கற் கரைசலில் கரைத்து, பீற்றா-குளுக்கோசிடேசு சேர்த்து 37 பாகையில் ஓரிரவு வைத்து மீண்டும் ஓட்டுங்கள். குளுக்கோசு கழன்று உச்சி வெளியே வரும். கணக்கு எளிது: பிழிவில் மில்லிலீற்றருக்கு 4 மைக்குரோகிராம் என்றால், 10 மில்லிலீற்றருக்கு 40, அதாவது ஒரு கிராம் பச்சை இலைக்கு 40 மைக்குரோகிராம்.

படி 9: பங்கசுக்கு முன்னால்

குறைந்தது மூன்று தனித்தனிச் செடிவழிகள் (வெவ்வேறு மரபணு நுழைவிலிருந்து வந்தவை), மரபணு மாற்றாத செடி, மூலக் காவிச் செடி ஆகியவை வேண்டும். ஒரே உயரத்து இலைகளைக் கழற்றி, மூடிய ஈரப் பெட்டிக்குள் மில்லிலீற்றருக்கு 1,00,000 வித்திகள் கொண்ட கரைசலில் 10 மைக்குரோலீற்றர் துளிகளை வைத்து, மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்களில் புள்ளியின் விட்டத்தை அளங்கள். பொற்றைற்றிஸ் 20 பாகைப் பக்கம் வளர்வது, நம் அறை வெப்பத்தில் ஒழுங்காகத் தொற்றாது. புகையிலையில் கபிலப் புள்ளியை உண்டாக்கும் ஓல்ரனேறியா இங்கே நடைமுறைக்கு ஏற்றது. புகையிலைக்குக் கப்சிடியோல் என்ற சொந்தக் காப்புப் பொருளும் உண்டு என்பதால், ஒப்பீட்டுச் செடியிலும் புள்ளி ஓரளவில் நின்றுவிடும். வித்தியாசத்தை மட்டுமே பேசுங்கள். பொற்றைற்றிசின் சில இனங்களிடம் ரெஸ்வெரற்றோலை ஒட்சியேற்றிச் சிதைக்கும் நொதியமும் உண்டு. ஓர் இனத்தில் வந்த முடிவை எல்லாப் பங்கசுக்கும் நீட்ட முடியாது.

அடைப்பும் அனுமதியும்

இலங்கை கார்ட்டகேனா உயிரியற் பாதுகாப்பு நெறிமுறையை 2004 இல் ஏற்புறுதி செய்தது. தேசிய உயிரியற் பாதுகாப்புக் கொள்கை 2005 இல் வந்தது. நிறுவனத்தின் உயிரியற் பாதுகாப்புக் குழுவின் எழுத்து மூல ஒப்புதல் முதல் நாளுக்கு முன்னரே கையில் இருக்க வேண்டும்.

குடாநாட்டில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. சுற்றுவட்டமெல்லாம் புகையிலைத் தோட்டம். பூங்கொத்து மொட்டாக இருக்கும்போதே நுண்துளைப் பையால் கட்டுங்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள், தூசு போன்றவை, காலணியிலும் சட்டை மடிப்பிலும் ஒட்டிப் போகும். நெற்று காயும் முன் பையோடு சேர்த்து வெட்டி, மூடிய அறையிலேயே உடையுங்கள். சாடி மண், இலை, ஊடகம், கைகழுவிய நீர் எல்லாம் ஓட்டோகிளேவ் வழியாகவே வெளியே போக வேண்டும். இந்த இலையைப் புகைக்கவோ மெல்லவோ யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்த பயிர்

முறை கைவந்த பிறகு மிளகாய்க்குத் தாவ ஆசை வரும். மிளகாய் இலைத் துண்டிலிருந்து குருத்து நீள்வது மிகக் கடினம், அதை ஒத்திவையுங்கள். முந்திரிகைக்கே திரும்புவதானால் முளையவுருக் கலத்திரள் வேண்டும், அதைப் பெறவே ஒரு பூக்கும் பருவம் போகும். தக்காளிதான் அடுத்த படி. முந்திரிகையின் இதே மரபணுவைப் பெற்ற தக்காளி, பின்வெளிறலை உண்டாக்கும் பைற்றொப்தொறா இன்பெஸ்ரன்ஸை எதிர்த்தது 1997 இல் காட்டப்பட்டது. அதே நோய்தான் வலிகாமத்து உருளைக்கிழங்கையும் தாக்குகிறது. தக்காளியில் விதையிலைத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். பீ.ஏ.பீக்குப் பதிலாக 1 முதல் 2 மில்லிகிராம் சியற்றின் என்ற ஹோமோன், கனாமைசினை 50 இலிருந்து தொடங்கி ஒவ்வொரு வகைக்கும் கொல்லும் அளவை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.